மாடிக்கு மூன்று சாவி

நாட்டுக்கு விலை கிடையாது என்று மேடை ஏறியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அந்தக் கடைத்தெருவில் போன வருஷம் அது பதினெட்டாயிரத்துக்குப் போனது. அதற்கு முந்தின வருஷம் பதினாறாயிரத்து ஐந்நூறு.

சரியாகச் சொல்வதானால் நாட்டின் விலை அல்ல. தேசிய தினத்தன்று காலை எட்டு மணிக்குத் தெருமுனைக் கம்பத்தில் கயிற்றை இழுத்துக் கொடியை ஏற்றுகிற அரை நிமிஷத்தின் விலை. முன்பெல்லாம் பெரிய மனிதர் யாரையாவது கூப்பிட்டுத்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியாகக் கூப்பிட்ட பெரிய மனிதர் இரண்டரை மணி நேரம் கழித்து வந்து, கொடியை ஏற்றிவிட்டு, மாலை சின்னதாக இருக்கிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். வியாபாரிகள் சங்கம் அன்றைக்கே முடிவு கட்டியது. வெளியாள் வேண்டாம், தெருவுக்குள்ளேயே ஏலம் விடுவோம், கூடுதல் விலை சொல்கிறவர் இழுக்கட்டும், வருகிற பணம் தெருவின் ஆம்புலன்ஸ் வண்டிக்கு டீசல் ஆகட்டும். தேசப்பற்றையும் வியாபாரத்தையும் இப்படி ஒரே கயிற்றில் கட்டிய தெரு இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

ஏலம் விடுகிறவர் பூட்டுக்கடைக்காரர். இருபத்திரண்டு வருஷமாக அவர்தான். சுத்தியலுக்குப் பதிலாக அவர் கையில் ஒரு பித்தளைப் பூட்டு இருக்கும். அப்பா காலத்துப் பூட்டு, கைக்குழந்தையின் தலை அளவு. அதைத் திறந்தபடி உயர்த்திப் பிடித்து ஒரு தரம், இரண்டு தரம் என்பார். மூன்றாம் தரத்துக்குச் சொல் கிடையாது, டக்கென்று பூட்டிவிடுவார். பூட்டிய பிறகு கோடி கொடுத்தாலும் அடுத்த வருஷம்தான்.

ஆனால் ஜனங்கள் கூடுவது பூட்டைப் பார்க்க இல்லை, அவர் வாயைக் கேட்க. விலை சொல்கிற ஒவ்வொருவரையும் அவர் மானம் போகிற மாதிரி வாருவார். பாத்திரக்கடைக்கார அம்மாள் கையைத் தூக்கினால், இவங்க வீட்டுல டம்ளர் பெரிசு, டீதான் சின்னது என்பார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஆயிரம் ஏற்றுவாள். பெயிண்ட்கடைக்காரரை, ஊருக்கு ரெண்டு கோட்டிங் சொல்லுவார், சொந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு என்பார். அவர் மார்பைத் தட்டிக்கொண்டு இரண்டாயிரம் ஏற்றுவார். அதுதான் முறை. திட்டு வாங்கினவர் கையை இறக்கக்கூடாது, விலையை ஏற்ற வேண்டும். அந்த ஏலத்தில் ஒருமுறையாவது திட்டு வாங்காதவன் தெருவில் கணக்கில்லை.

இந்த வருஷத் தேசிய தினத்துக்கு இரண்டு நாள் முன்னால் பூட்டுக்கடைக்காரரின் தம்பி வந்து இறங்கினான். கூடவே ஒன்பது வயதில் ஒரு மகள்.

தம்பி வெளிநாடு போய்ப் பதினாலு வருஷம். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. போனதில் அண்ணனுக்கு வருத்தம் இல்லை. வயிற்றுப் பிழைப்புக்குத்தானே போகிறான், தெருவில் பாதிப் பேர் வீட்டில் அப்படி ஒருவன் உண்டு. வருத்தம் எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்தது. ஒருநாள் போன் பண்ணி, அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது, இந்த நாட்டு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றான். பிள்ளையின் படிப்புக்கு, வீட்டுக் கடனுக்கு, அது இது என்று காரணம் அடுக்கினான். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல விலை கிடைச்சுதா?" என்று கேட்டார். அப்புறம் எட்டு மாசத்துக்குப் போனே இல்லை.

பிறகு பேச்சு ஒட்டிக்கொண்டது, அதுவும் பெண்களால். பூட்டுக்கடைக்காரரின் மனைவிக்குக் கொழுந்தன் என்றால் உயிர். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் அரைக்கால் சட்டையோடு கடைப் படியில் உட்கார்ந்து சாவிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். தம்பியின் மனைவி அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேரும் வாரம் தவறாமல் பேசுவார்கள். அப்படிப் பேசியதில் ஒரு விஷயம் கசிந்தது. தம்பிக்குத் திரும்பி வந்துவிட ஆசை இருக்கிறது. வேலை அலுத்துவிட்டது. மகள் சொந்தக்காரர்களைப் போன் திரையில் மட்டும் பார்த்து வளர்கிறாள். நர்ஸ் வேலை எங்கேயும் கிடைக்கும். ஆனால் போனவன் தானாக வந்து நின்றால் தோற்று வந்த மாதிரி ஆகிவிடுமே என்று தயங்குகிறான். அண்ணன் ஒரு வார்த்தை வா என்று சொன்னால் போதும்.

மனைவி இதைச் சொன்ன அன்றே பூட்டுக்கடைக்காரர் மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தார். கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை, பழைய சரக்குப் பெட்டிகள் அடைந்து கிடந்தன. ஒரே மாதத்தில் காலி செய்து வெள்ளையடித்தார், குழாயை மாற்றினார், ஜன்னலுக்குத் திரை போட்டார். மாடிக் கதவுக்கென்று கடையிலிருந்து புதுப் பூட்டு ஒன்றை எடுத்தார். மூன்று சாவி உள்ளது. ஒன்று மனைவியிடம் இருக்கும், ஒன்று கல்லாவில் இருக்கும், ஒன்று தம்பிக்கு. பூட்டை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, சாவிகளைக் கம்பியில் கோத்தபடியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தேசிய தினத்தன்று கொடியேற்றி, சாப்பாடு முடிந்து, எல்லார் மனசும் இளகி இருக்கிற நேரத்தில் எடுத்து நீட்டுவதாகத் திட்டம்.

"கேட்டுடுங்க. கடையில பேசற மாதிரி பேசாம, வாயைத் திறந்து கேட்டுடுங்க" என்றாள் மனைவி.

கேட்கிறேன் என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் வளர்ந்த வளர்ப்பு அப்படி. அப்பா அந்தக் கடையில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்திருந்தார். எவ்வளவு பிடித்த சரக்காக இருந்தாலும் முகத்தில் காட்டக்கூடாது, குறை சொல்ல வேண்டும். விலையை எதிராளி வாயிலிருந்துதான் முதலில் வரவழைக்க வேண்டும். அலமாரியில் பத்து வருஷமாகத் தூசு பிடித்துக் கிடக்கிற பூட்டாக இருந்தாலும், யாராவது கையில் எடுத்துவிட்டால், இதை ரெண்டு பேர் கேட்டுட்டுப் போயிருக்காங்க என்று சொல்ல வேண்டும். அந்த ரெண்டு பேர் யார் என்று சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டு சிரிப்பார்கள். ஒருத்தன் குட்டை, ஒருத்தன் நெட்டை என்று தம்பி கதையே கட்டி வைத்திருந்தான்.

அப்படி வளர்ந்தவருக்குத் தம்பி வர விரும்புகிறான் என்று முன்கூட்டியே தெரிந்துபோனதுதான் வினை. வாங்க வந்தவன் ஆசைப்படுகிறான் என்று தெரிந்த பிறகு எந்தக் கடைக்காரன் முதலில் வாயைத் திறப்பான்? அவனே கேட்கட்டுமே என்று ஒரு எண்ணம் உள்ளே மெதுவாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. நாளைக்கு ஏதாவது மனத்தாங்கல் வந்தால், நீங்க கூப்பிட்டீங்க, நான் வந்தேன் என்று அவன் சொல்லக்கூடாது பாருங்கள்.

வந்த அன்று தம்பி மாடியைச் சுற்றிப் பார்த்தான். ஜன்னலைத் திறந்தான், குழாயைத் திறந்து மூடினான், சுவரைத் தடவினான். எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்டான். "சும்மா கிடந்தது, அடிச்சு வச்சேன்" என்றார் அண்ணன். தம்பி தலையாட்டினான். அவனும் அதே கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவன், அதற்கு மேல் கேட்கவில்லை. மகளுக்கு மட்டும் அந்தப் பயிற்சி இல்லை. எனக்கு இந்த ரூம்தான் பிடிச்சிருக்கு, இங்கயே இருக்கலாமா என்று நேரடியாகக் கேட்டாள். பெரியவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்து வைத்தார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கொடிக்கயிற்றின் மேல் கண். அப்பா அங்கே அவளைத் தூங்கவைக்கச் சொல்கிற கதைகளில் பாதி இந்தத் தெருவின் ஏலக் கதைகள்தான். பெரியப்பா யாரை எப்படித் திட்டினார் என்பது அவளுக்கு மனப்பாடம். தேசிய தினத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாடி ஜன்னலின் திரைக்கயிற்றை இழுத்து இழுத்துக் கொடியேற்றப் பழகினாள். நாலாவது கொடியேற்றத்தில் திரை கம்பியோடு கீழே வந்தது. பெரியம்மா திட்டவில்லை, பெரியப்பா உடனே ஏணி எடுத்து மாட்டினார். ஏணியின் மேல் நின்றபடி, தேசிய கீதம் தெரியுமா என்று கேட்டார். அவள் நிமிர்ந்து நின்று முழுவதும் பாடினாள், ஒரு சொல் பிசகாமல். அவருக்கு மூன்றாவது வரிக்கு மேல் வாயசைக்கத்தான் தெரியும். ஏணியில் நின்றதால் முகம் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்குத் தெருவே வெளியே இருந்தது. கடைகள் சாத்தியிருந்தன, ஆனால் கடைக்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு சலவைச் சட்டையில் நின்றார்கள். பிள்ளைகள் கையில் காகிதக் கொடிகள், பெரியவர்கள் சட்டையில் குண்டூசியில் குத்திய துணிக்கொடிகள். ஒலிபெருக்கிக்காரர் ஒரே பாட்டை மூன்றாவது தரம் போட்டுக்கொண்டிருந்தார். கம்பத்தைச் சுற்றிச் செங்கலுக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தது. அதை ஓசியில் பூசியவர் பெயிண்ட்கடைக்காரர், ஓசியில் என்பதை அவரே எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

பூட்டுக்கடைக்காரர் ஸ்டூல் மேல் ஏறிப் பூட்டைத் திறந்து உயர்த்தினார். ஐயாயிரத்தில் தொடங்கியது. வழக்கம்போல வாரினார், வழக்கம்போல ஏறியது. பாத்திரக்கடை அம்மாள் பதினாறில் விட்டுவிட்டாள். பெயிண்ட்கடைக்காரர் பதினெட்டு என்றார். அப்போது பின்னாலிருந்து, "இருபது" என்று ஒரு குரல்.

தம்பிதான். கடைப் படியில் நின்றிருந்தான். ஒரு கை மேலே, இன்னொரு கை மகள் தோளில். அவள் கால் நுனியில் எம்பி நின்றாள்.

பெயிண்ட்கடைக்காரர் திரும்பிப் பார்த்து, சிரித்து, இருபத்தொன்று என்றார். தம்பி யோசிக்கவே இல்லை. "நாற்பது."

தெரு சலசலத்தது. அந்த ஏலத்தில் யாரும் அப்படித் தாண்ட மாட்டார்கள். ஐந்நூறு, ஆயிரம், மிஞ்சினால் இரண்டாயிரமாகத்தான் ஏற்றுவார்கள். ஆசையை இப்படி வெட்டவெளிச்சமாக யாரும் காட்டியதில்லை. ஸ்டூல் மேல் நின்றவருக்கு மார்பு விம்மியது உண்மை. என் தம்பி, என்று நினைத்தார். பார், கயிற்றை எப்படிக் கேட்கிறான் பார். அந்த விம்மலோடு பூட்டைப் பூட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷ வழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது. விலை சொன்னவனை வார வேண்டும். எட்டு வருஷமாக ஒரு சொல் வேறு அதே நாக்குக்கு அடியில் வெளியே வர வழி பார்த்துக் கிடந்தது.

"நாற்பதாயிரம்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "எந்த நாட்டுக் காசுலன்னு கேளுங்கப்பா. பாஸ்போர்ட்டை வித்த பணத்துல கொடியை வாங்க வந்திருக்கார். விருந்தாளி சார், உங்களுக்குப் பந்தியில இடம் உண்டு, கயித்துல கிடையாது."

இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பு அந்தத் தெருவில் எழுந்ததில்லை. ஒலிபெருக்கிக்காரர் சிரித்த சிரிப்பில் கை பட்டுப் பாட்டு நின்றுபோனது.

பூட்டுக்கடைக்காரர் அடுத்த விலைக்குக் காத்திருந்தார். திட்டு விழுந்தாயிற்று, இனி அவன் ஏற்ற வேண்டியதுதானே. நாற்பத்தைந்து என்பான், ஐம்பது என்பான். தெருக்காரன்தானே, முறை தெரியாதா? மகளுக்கே மனப்பாடம் ஆகிற அளவுக்குக் கதை சொன்னவன்.

தம்பியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையை இறக்கினான்.

"நாற்பது நிக்குதா?" என்று கேட்டார் அண்ணன். தம்பி இல்லை என்று தலையசைத்தான். மகளும் குதிகாலைத் தரையில் வைத்தாள்.

பெயிண்ட்கடைக்காரரின் இருபத்தொன்று நின்றது. ஒரு தரம் என்றார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நிறுத்தினார். இரண்டு தரம் என்றார், அதற்குப் பிறகு இன்னும் நீளமாக நிறுத்தினார். அந்த இடைவெளியில் ஸ்டூலிலிருந்து இறங்கியிருக்கலாம். வாய் தவறிவிட்டது, தெருக்காரர்களே, இது என் தம்பி என்று சொல்லியிருக்கலாம். எதுவும் சொல்லாமல், விட்டுட்டான் பார், அவ்வளவுதான் அவன் பற்று என்று ஒரு கோபத்தை வரவழைத்துக்கொண்டு, டக்கென்று பூட்டினார்.

கொடி ஏறியது. பெயிண்ட்கடைக்காரர் கயிற்றை இழுத்தபோது அவருடைய மனைவி படம் எடுத்தாள். கீதம் தொடங்கியது. மூன்றாவது வரிக்கு மேல் தெருவே வாயசைத்தது. படியில் நின்ற இரண்டு பேர் மட்டும் கடைசி வரை பாடினார்கள், அப்பாவும் மகளும், கையைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு. பூட்டுக்கடைக்காரர் கொடியைப் பார்த்துக்கொண்டே அந்த இரண்டு குரலையும் தனியாகக் கேட்டார். வேண்டாம் என்றாலும் கேட்டது.

மத்தியானம் தெருவை அடைத்துப் பந்தல் போட்டுச் சாப்பாடு. பூட்டுக்கடைக்காரர் கையில் தண்ணீர்க் கூஜாவோடு வரிசைகளுக்கு இடையே போய்க்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை நிறுத்தி நிறுத்தி, இந்த வருஷம் பிரமாதம், பாஸ்போர்ட்டைப் போட்டீங்க பாருங்க என்றார்கள். அவரும் சிரித்தார். அந்தப் பெண் தட்டை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, விருந்தாளிங்க எந்த வரிசையில உக்காரணும்?"

அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் கஷ்டம். காலையில் ஒரு இடம் சொன்னார்கள், பந்தியில் இடம் உண்டு என்று, அந்த இடம் எது என்று கேட்கிறாள். கூஜாவில் இருந்த தண்ணீர் அவர் காலில் கொட்டியது. எங்க வேணாலும் உக்காருடா கண்ணு என்றார். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஓர் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவர் மனைவி போய் உட்கார்ந்தாள். அன்று முழுவதும் அவள் கணவனிடம் பேசவில்லை. உப்பு வேண்டுமா என்று கூடக் கேட்கவில்லை.

பந்தி முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போது அண்ணனும் தம்பியும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் மடக்க ஒருவர் அடுக்கினார். பத்துப் பன்னிரண்டு நாற்காலி ஆயிற்று. ஏலத்துல பேசறதை எல்லாம் மனசுல வச்சுக்காதடா, முறைதானே அது, பெயிண்ட்கடைக்காரரைச் சொன்னதைவிடவா உன்னைச் சொல்லிட்டேன் என்றார் அண்ணன். மன்னிப்பும் அவர் வாயில் பேரமாகத்தான் வந்தது.

தம்பி ஒரு நாற்காலியை மடக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முறை தெரியும்ணே. பெயிண்ட்கடை அண்ணனைக் கஞ்சன்னு சொல்றீங்க. அவர் கஞ்சன் இல்ல, அதான் சிரிக்கிறார், விலையை ஏத்துறார். என்னைச் சொன்னது உண்மை. உண்மைக்கு மேல நான் எத்தனை ஆயிரம் ஏத்தறது?"

கோபமாகச் சொல்லவில்லை. லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்று விளக்குகிற மாதிரி, பழுதின் இடத்தைக் காட்டுகிற மாதிரி சொன்னான். பிறகு நாற்காலியை மடக்கி நீட்டினான். அண்ணன் வாங்கி அடுக்கினார். அந்த நேரம் சாவிகள் சட்டைப்பையில்தான் இருந்தன. குனிந்து நிமிரும்போதெல்லாம் கிலுகிலுவென்று சத்தம் போட்டன. இப்போது எடுத்து நீட்டினால் தப்பை மறைக்கக் கூலி கொடுக்கிற மாதிரி இருக்குமே என்று தோன்றியது. நாளைக்குக் கொடுப்போம், சூடு ஆறட்டும். வியாபாரியின் மூளை எப்போதும் நல்ல காரணமாகத்தான் தேடிக் கொடுக்கிறது.

பத்து நாள் தங்க வந்தவன் தேசிய தினத்துக்கு நாலாம் நாளே கிளம்புகிற மாதிரி டிக்கெட்டை மாற்றினான். அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாறிவிட்டதாம், வீட்டில் ஆள் வேண்டுமாம். அப்படி எதுவும் மாறவில்லை என்பது பூட்டுக்கடைக்காரரின் மனைவிக்கு ஒரே போனில் தெரிந்துவிட்டது. கிளம்புகிற அன்று அவள் கணவன் எதிரில் வந்து நின்று, "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நான் கேட்டா அவர் எனக்காக வந்ததா ஆகும். நீங்க கேக்கணும்" என்றாள். அத்தோடு நான்கு நாளில் அவள் அவரிடம் பேசியது எட்டு வாக்கியம் ஆயிற்று.

வாடகைக் கார் கடை வாசலில் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றினார்கள். மகள் பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ ரகசியம் பேசினாள். தம்பி கார்க் கதவைப் பிடித்தபடி நிமிர்ந்து மாடியைப் பார்த்தான். திரை மாட்டிய ஜன்னல், புது வெள்ளை. பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, ஏதோ சரக்கின் விலையை விசாரிக்கிற மாதிரி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டான்.

"மாடி நல்லா வந்திருக்குண்ணே. வாடகைக்கு விடப்போறீங்களா?"

அப்பாவின் கடையில் வளர்ந்தவன் இதைவிட எப்படித்தான் கேட்பான்? வர விரும்புகிறவன் வாசல்வரை வந்து கதவைத் தட்டிவிட்டான். அண்ணனுக்கு அது புரியாமல் இல்லை, மார்பு வரைக்கும் புரிந்தது. கை சட்டைப்பைக்குள் போய்ச் சாவிகளைப் பிடித்தும்விட்டது. ஆனால் நாற்பது வருஷமாக, யாராவது ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து விசாரித்தால் அந்த வாய் சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் பழகியிருந்தது. கை வெளியே வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு பேர் கேட்டுட்டுப் போயிருக்காங்க."

சொன்ன மாத்திரத்தில் காதில் விழுந்தது. தம்பி சிரிப்பான், குட்டையனா நெட்டையனா என்று கேட்பான், அப்படிக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் முகத்தையே பார்த்தார். தம்பியின் உதடு சிரிப்பின் பக்கம் கொஞ்சம் நகரவும் செய்தது. ஆனால் நாலு நாளைக்கு முன்னால் நாற்பதை இறக்கியவன் மறுபடி ஏற்றவில்லை.

"நல்ல ஆளாப் பார்த்துக் குடுங்கண்ணே" என்றான். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். மகள் ஜன்னல் வழியாகக் காகிதக் கொடியை ஆட்டினாள். தேசிய தினத்தன்று யாரோ கொடுத்தது. கார் தெருமுனைக் கம்பத்தைச் சுற்றித் திரும்பும்வரை அது தெரிந்தது. கை சட்டைப்பைக்குள் இருந்ததால் அவர் திருப்பி ஆட்டவில்லை.

மனைவி வாசலிலேயே நின்றதால் எல்லாம் காதில் விழுந்திருந்தது. உள்ளே போய் மாடிப்படி ஏறினாள். திரையைக் கழற்றி மடிக்கிற சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் தம்பியின் போனுக்கு ஒரு தகவல் அனுப்பலாம் என்று உட்கார்ந்தார். அந்த ரெண்டு பேரும் வரலை என்று எழுதினார். அதுவும் கடைப் பேச்சாகவே இருந்தது. அழித்தார். வாடா என்று எழுதினார். பதினாலு வருஷத்துக்கு அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது, அதையும் அழித்தார். விமானம் ஏறியிருப்பான், இறங்கட்டும் என்று வைத்துவிட்டார். விமானம் இறங்கி மூன்று நாள் ஆன பிறகும் அது இறங்கட்டும் என்றேதான் இருந்தது.

சங்கத்தில் தேசிய தினக் கணக்கை ஒப்படைத்தார்கள். பெயிண்ட்கடைக்காரரின் இருபத்தொன்று வந்து சேர்ந்திருந்தது. போன வருஷத்தைவிட மூவாயிரம் கூடுதல், இந்த வருஷம் நல்ல ஏலம் என்று தலைவர் பாராட்டிக் கைதட்டச் சொன்னார். நாற்பது என்று ஒரு குரல் எழுந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. இறக்கிக்கொண்ட விலையைக் கணக்கில் ஏற்றுகிற வழக்கம் அங்கே கிடையாது.

மாதக் கடைசியில் கடைச் சரக்கை எண்ணுகிற நாள். அலமாரியில் மூன்று சாவிப் பூட்டில் ஒன்று குறைகிறது என்று எண்ணிக்கையில் வந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து சாவிகளை எடுத்தார். கம்பி இன்னும் அவிழ்க்கப்படவில்லை. மேஜை இழுப்பறையில் இருந்த பூட்டை எடுத்துத் துடைத்து, ஒருமுறை திறந்து பூட்டிப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது. பெட்டியில் போட்டு அதன் இடத்தில் வைத்தார். பிறகு சரக்குப் புத்தகத்தைத் திறந்து, அப்பா கற்றுக்கொடுத்த அதே நேர்த்தியோடு, கோடு கோணாமல் எழுதினார்.

மாடிக் கதவுக்கு எடுத்தது: பூட்டு ஒன்று, சாவி மூன்று.

கொடுத்தது: இல்லை.

திரும்ப வைத்தது: பூட்டு ஒன்று, சாவி மூன்று.

குறைவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. வாசலில் யாரோ வாடிக்கையாளர் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கணக்குப்படி அங்கே இல்லை என்றுதான் எழுத வேண்டும். இருப்பு சரியாக இருந்தது, ஒரு சாவி கூடப் பிசகவில்லை. அவர் அந்தக் கட்டத்தை மட்டும் எழுதாமல் புத்தகத்தை மூடினார்.